கொழுவியாச்சோ?

குளிர்காலம் வந்தால் எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான். "கொழுவியாச்சோ?" ஒஸ்லோவில், ரொம்சோஸ் என்ற பகுதியில், எங்கள் கட்டடத்துக்கு முன்னால், எங்கள் வான், அதாவது வேன், நிற்கிற இடத்தில் பிளக் வைத்த ஒரு மின்கம்பம் உண்டு. வானின் மூக்கில் ஒரு ஓட்டை. வானுக்குள்ளே கிடக்கிற வயரைக் கம்பத்துக்கும் ஓட்டைக்கும் நடுவில் கொழுவிவிட்டால், உள்ளே ஒரு சின்ன ஹீட்டர் எஞ்சினை இரவு முழுக்கச் சூடாக வைத்திருக்கும். விடியச் சாவியைத் திருப்பினால் டீசல் எஞ்சின் மறுபேச்சுப் பேசாது. கொழுவ மறந்தால் அன்றைக்குக் கதை கந்தல்.

எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களுக்குக் கொழுவுவது என்றால் மாட்டுவது. சட்டையை ஆணியில் கொழுவுவோம், வயரைச் சுவரில் கொழுவுவோம். சண்டை பிடிப்பதும் கொழுவுவதுதான். மனிசன், அதுதான் என் புருசன், வானைக் கொழுவ மறந்த நாட்களில் நான் மனிசனோடு கொழுவுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதை நானே சொல்லிவிடுகிறேன்.

வான் என்னுடைய தொழிலுக்கு. ஒஸ்லோவிலேயே ட்வெய்ட்டாவில் ஒரு பெரிய சமையல் குசினியை வாடகைக்கு எடுத்து, கல்யாணத்துக்கும் பெண்பிள்ளைகளின் சாமத்தியவீட்டுக்கும் சமைத்துக் கொடுக்கிறேன். அது உயரம் குறைந்த பழைய வான். பெரிய சோற்றுக் கிடாரத்தை உள்ளே வைத்தால் மூடி கூரையில் முட்டும். ஆனாலும் அது இல்லாவிட்டால் நான் இல்லை.

இந்தக் கதை ஒரு தை மாதத்தில் நடந்தது. ஒஸ்லோவுக்கு வெளியே, திராமனில் ஒரு கல்யாணம். கல்யாணப் பொம்பிளையின் தாய் தனியாள். புருசன் இறந்தபிறகு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்து அந்த ஒரு பிள்ளையை வளர்த்தவர். மாப்பிள்ளை வீட்டார் பாரிசிலிருந்து ஒரு பஸ் நிறைய வருகிறார்கள். சாப்பாட்டுக்குச் சொல்ல வந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"அக்கா, சபையிலை சாப்பாடு பிந்தினால் என்னை ஒண்டும் சொல்லமாட்டினம். என்ரை பிள்ளைக்குத்தான் ஆயுசு முழுக்கக் குத்திக் காட்டுவினம். தகப்பன் இல்லாத வீடு எண்டு."

அவர் போனபிறகும் அந்தச் சொல் எனக்குள்ளே கிடந்து குடைந்தது. சோறு குழையலாம், பாயசம் கொஞ்சம் இனிப்புக் கூடலாம், எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். சாப்பாடு வந்து சேராவிட்டால் எதைச் சொல்லிச் சமாளிப்பது?

இந்த நேரம் பார்த்து, கல்யாணத்துக்கு ஒரு கிழமைக்கு முன்னால் வான் படுத்துவிட்டது. அதற்குக் காரணம் குளிர் அல்ல, என் மனிசன். கோடையில் ஜேர்மனிக்குக் கோயில் திருவிழாவுக்குப் போய்வந்தபோது இரண்டு கான் நிறைய டீசல் வாங்கி வந்து நிலவறையில் வைத்திருந்தார். ஏன் என்று கேட்டால், "கிடக்கட்டும், எப்ப தேவைப்படுமோ" என்பார். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்தபோது ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு நாள் முழுக்க வரிசையில் நின்றவர். ஒஸ்லோவில் சந்திக்குச் சந்தி பெற்றோல் செட் இருந்தாலும் அவருடைய மனம் நம்பாது. குளிரில் டாங்கி நிறைய இருப்பது நல்லது என்று வேலைத்தலத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மனிசன் அந்தக் கோடை டீசலை அப்படியே கொண்டுபோய் ஊற்றிவிட்டார். இங்கே குளிர்காலத்தில் விற்கிற டீசல் வேறு. கோடை டீசல் குளிரில் தேங்காயெண்ணெய் மாதிரி உறையத் தொடங்கும். அடுத்த நாள் வான் இரண்டு தரம் இருமிவிட்டு வாசலிலேயே செத்துப்போனது.

கராச்சுக்கு இழுத்துக்கொண்டு போய், டாங்கியைக் காலியாக்கி, பில்டரை மாற்றி, புதுப் பற்றறியும் போட்டு எடுத்தோம். அந்தக் கிழமை முழுக்க நான் கண்ட ஆட்களிடமெல்லாம் வானைத் திட்டினேன். லிப்டுக்குள் எதிர்வீட்டுப் பெண்ணைக் கண்டபோதும் திட்டினேன்.

"கோதாரியிலை போற வான்! ஒருநாளைக்கு அதைக் கொளுத்திப்போட்டு நிம்மதியா இருக்கப்போறன்."

எதிர்வீட்டுப் பெண் மதுரைப் பக்கத்தவள். கம்பியூட்டர் வேலைக்கு வந்து இரண்டு குளிர்காலம் கண்டவள். என்னை "அக்கா" என்பாள், நான் அவளைப் "பிள்ளை" என்பேன். அவளுடைய தமிழில் பாதி இங்கிலிஷ். என் தமிழில் பாதி அவளுக்கு விளங்காது. விளங்காவிட்டாலும் சிரித்துத் தலையாட்டுவாள், அதுதான் பிறகு வினையாய்ப் போனது. எங்கள் வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் அவளிடம் இருக்கும்.

கல்யாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் மனிசன் என்னையும் பாத்திரங்களையும் குசினியில் இறக்கிவிட்டு, வானைக் கொண்டுபோய் வீட்டில் விட்டுவிட்டு, அங்கிருந்து இரவு வேலைக்குப் போவதாக ஏற்பாடு. விடிய வேலை முடிந்து வந்து, வானை எடுத்துக்கொண்டு குசினிக்கு வரவேண்டும். நான் அங்கேயே படுத்து எழும்பிச் சமைப்பேன். இரவு மைனஸ் இருபதுக்குக் கீழே போகும் என்று வானிலையில் சொல்லிவிட்டார்கள். வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது எனக்கு மனம் கேட்கவில்லை. போன் எடுத்தேன்.

"வானைக் கொழுவியாச்சோ?"

மறுபக்கத்தில் ட்ரெயின் ஓடுகிற சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகு மெல்ல ஒரு குரல். "ஐயோ. மறந்துபோனன்."

என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. அந்தச் சூட்டோடு எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் போன் அடித்தேன்.

"பிள்ளை, எனக்கொரு உதவி. எங்கடை வானைக் கொழுவிவிடுங்கோ. வான் சாவி வீட்டுக் கதவுக்குப் பின்னாலை தொங்குது."

"வேனையா அக்கா?"

"ஓம், வானைத்தான். இப்பவே. விடியும்வரைக்கும் அப்பிடியே கிடக்கட்டும்."

"அக்கா, நீங்க இப்ப ரொம்பக் கோவமா இருக்கீங்களா?"

"கோவமில்லாமல்? அந்த மனிசனை நம்பி நான் இஞ்சை கிடாரத்தோடை நிக்கிறன். ஒரு நிமிச வேலை, பிள்ளை. ஆரும் கேட்டால் நான்தான் சொன்னதெண்டு சொல்லுங்கோ."

"சரிக்கா. நான் பாத்துக்கறேன். நீங்க கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு உக்காருங்க."

என்ன அன்பான பிள்ளை என்று நினைத்துக்கொண்டு வெங்காயத்துக்குத் திரும்பினேன்.

விடிந்தது. சோறு வெந்து இறங்கிவிட்டது. பருப்பு, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல் எல்லாம் ஆயத்தம். வடை கடைசித் தாச்சியில் பொரிந்துகொண்டிருந்தது. மனிசனின் போன் வந்தது.

"இஞ்சரும், வானைக் காணேல்லை."

"என்னப்பா கதைக்கிறியள்? வடிவாப் பாருங்கோ."

"வான் என்ன ஊசியே, வடிவாப் பார்க்க? அது நிண்ட இடத்திலை ஒரு சிவப்புக் கார் நிக்குது."

ஸ்ராட் ஆகாத வானுக்கு நான் மனதுக்குள் ஆயத்தமாக இருந்தேன். பூஸ்டர் வயர் இருக்கிறது, பக்கத்து வீட்டு ஆட்கள் இருக்கிறார்கள், தள்ளலாம், கும்பிடலாம். இல்லாத வானை என்ன செய்வது? அந்த நேரம் பார்த்து இன்னொரு அழைப்பு. பொம்பிளையின் தாய்.

"அக்கா, எல்லாம் சரிதானே? மாப்பிள்ளை வீட்டுக்காரரின்ரை பஸ் வந்திட்டுது."

"ஓம், ஓம், எல்லாம் சரி. நீங்கள் பொம்பிளைக்குச் சேலை உடுத்தி வெளிக்கிடுத்துங்கோ."

இதைச் சொன்ன குரல் என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. வைத்துவிட்டு மனிசனிடம் கத்தினேன். "எதிர்வீட்டுப் பிள்ளையின்ரை பெல்லை அடியுங்கோ! கடைசியா அவதான் வானுக்குக் கிட்டப் போனவ."

அவர் போனை வைக்காமலே மேலே ஏறினார். பெல் அடிக்கிற சத்தம். கதவு திறக்கிற சத்தம். பிறகு அவள் மெல்லக் கேட்டது எனக்கும் கேட்டது.

"அண்ணே, அக்காக்குக் கோவம் குறைஞ்சிடுச்சா?"

"வான் எங்கை, பிள்ளை?"

"பத்திரமா இருக்குண்ணே. வாங்க, காட்டறேன்."

லிப்ட் இறங்கியது. கனமான கதவு ஒன்று திறந்தது. அவளுடைய கார் நிற்கிற நிலக்கீழ் கராச் அது, குளிர்காலத்திலும் உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும். மாதக் காசு கூட என்று நாங்கள் ஒருநாளும் அங்கே இடம் எடுக்கவில்லை. காலடிச் சத்தம் எதிரொலித்தது. வானின் கதவு கரகரத்தது, அந்தக் கரகரப்பு எனக்குத் தெரியும். சாவி திரும்பியது.

ஒரே திருப்பு. இருமல் இல்லை, முனகல் இல்லை. கோடை மத்தியானத்தில் பிடிக்கிற மாதிரிப் பிடித்தது.

நான் அரிசி மூட்டையில் அப்படியே குந்திவிட்டேன். போன உயிர் திரும்பி வந்தது என்றால் அதுதான். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வடை கருகுகிற மணம் வந்தபிறகுதான் எழும்பினேன்.

இருவரும் குசினிக்கு வந்து கிடாரங்களை ஏற்றினார்கள். என் கோபம் தணிந்துவிட்டதோ என்று பார்க்க அவளும் வந்தாளாம். திராமன் பாதையில், சோற்றுக் கிடாரத்துக்கும் பாயச வாளிக்கும் நடுவில் குந்திக்கொண்டு, அவள் பயந்து பயந்து சொன்னாள்.

"நீங்கதானே அக்கா கொளுத்திவிடச் சொன்னீங்க."

"கொளுத்தவோ?"

"ஆமா. வேனைக் கொளுத்திவிடு, விடியற வரைக்கும் அப்படியே கெடக்கட்டும், யார் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லுன்னீங்க. லிப்ட்லயும் அன்னைக்கு அதையேதான் சொன்னீங்க. நான் மாட்டேன்னா நீங்களே வந்து பத்த வச்சிருவீங்களோன்னு, எஞ்சின் சூடு ஆறறதுக்குள்ள எடுத்துட்டுப் போய் ஒளிச்சு வச்சிட்டேன்."

மனிசன் சிரித்த சிரிப்பில் ஸ்ரேறிங் ஆடியது. "பாதையைப் பாருங்கோ!" என்று கத்தினேன், ஆனால் என்னாலும் முடியவில்லை. கொழுவு வேறு, கொளுத்து வேறு என்று திராமன் வரும்வரை அவளுக்குப் பாடம் நடந்தது. "நாங்க சொருகுன்னு சொல்லுவோம்கா" என்றாள். இந்த வயதில் எனக்கும் ஒரு சொல் கிடைத்தது.

மண்டபத்து வாசலில் பொம்பிளையின் தாய் பட்டுச் சேலைக்கு மேல் ஒரு குளிர்ச்சட்டை கூடப் போடாமல் குளிருக்குள் நின்றார். வானைக் கண்டதும் ஓடி வந்தார். முதல் இறங்கிய கிடாரத்தின் மேல் இரண்டு கைகளையும் வைத்தார்.

"சுடுகுது" என்றார். கண் நிறைந்துவிட்டது. "அக்கா, சுடுகுது."

தாலி கட்டி முடிந்த கையோடு இலை போட்டோம். மாப்பிள்ளையின் பெரியப்பா குழம்புக்கு மூன்றாம் தரம் கை நீட்டினார். மதுரைப் பிள்ளை என் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு பந்தி முழுக்க வடை பரிமாறினாள். அந்தத் தாய் கடைசிப் பந்தியில் மகளுக்குப் பக்கத்தில் இருந்து, நிமிர்ந்து சாப்பிட்டார்.

திரும்பி வரும்போது, மனதில் கிடந்ததைக் கேட்டேன். "ஏன் பிள்ளை, எனக்கு விசர், பைத்தியம் எண்டு நினைச்சால் கதவைப் பூட்டிப்போட்டு இருந்திருக்கலாம். பொலிசுக்குப் போன் அடிச்சிருக்கலாம். ஏன் உங்கடை காரைக் குளிருக்குள்ளை விட்டிட்டு இந்தப் பழசை உள்ளை வைச்சனீங்கள்?"

அவள் வெறும் கிடாரத்தில் சாய்ந்து அரைத் தூக்கத்தில் இருந்தாள்.

"கோவம் போனதும் காலைல வேனைத் தேடுவீங்கன்னு தெரியும்கா. தேடும்போது அது இருக்கணும்ல?"

என் சால்வையை எடுத்து அவள் மேல் போர்த்தினேன். மனிசன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

ரொம்சோசில் இறங்கியபோது அவளுடைய சிவப்பு மின்சாரக் கார் பனி மூடி, சார்ஜ் இறங்கிப்போய் நின்றது. மனிசன் அதன் வயரை எடுத்து எங்கள் கம்பத்தடிக்குக் கொண்டுபோனார். அவள் உதவிக்குப் போனாள். நான் வெறும் கிடாரத்தோடு வாசலில் நின்றுகொண்டு, பழக்கதோசத்தில் கேட்டேன்.

"கொழுவியாச்சோ?"

"கொழுவியாச்சுக்கா" என்று அவள் கத்தினாள்.