எட்டு வயதுக் கேள்வி

எங்கள் அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முதலாளியிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் பதிலக்காதான். பிள்ளைகள் எழுதி அனுப்பும் கேள்விகளுக்குப் பதில் எழுதிப் புத்தகமாகப் போடும் பதிப்பகம் எங்களுடையது. மீனுக்குத் தாகம் எடுக்குமா, கொட்டாவி ஏன் அடுத்தவருக்கும் தொற்றுகிறது, மேகம் எவ்வளவு கனம். பத்தொன்பது வருஷமாக அக்கா இங்கேதான் குப்பை கொட்டுகிறாள்.

தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதமாட்டாள். கொட்டாவிக்காக மூன்று மருத்துவர்களை நச்சரித்தாள். குழாயில் தண்ணீர் ஏன் முனகுகிறது என்று கேட்க, தெருவில் போன குழாய் ரிப்பேர்காரரைப் பிடித்து டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தாள். அவள் மகன் சொல்வான்: "எங்கம்மாகிட்ட மணி என்னன்னு கேட்டுடாதீங்க. கடிகாரம் கண்டுபிடிச்ச கதையில இருந்து ஆரம்பிப்பாங்க."

கேள்வி அவளிடம் போவதற்கு முந்திய வேலை என்னுடையது. கடிதத்தைப் பிரித்து, கேள்வியை மட்டும் பிழை திருத்தி ஒரு அட்டையில் தட்டச்சு செய்வேன். ஓரத்தில் வயது. நாய்க்குட்டி கதை, தம்பி செய்த சேட்டை எல்லாம் எனக்கு வேண்டாத சரக்கு. உறையும் கடிதமும் சாக்குக்குள் போகும், மாதாமாதம் பழைய பேப்பர்காரர் வந்து எடுத்துக்கொண்டு போவார். மாதம் முந்நூறு கடிதம் வரும் இடத்தில் வேறு எப்படிச் செய்வதாம்? இப்படித்தான் இன்றும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு அட்டையில் இப்படி இருந்தது: "சாப்பிடாமல் ஒரு ஆள் எத்தனை நாள் இருக்கலாம்? சின்னப் பிள்ளை என்றால் எத்தனை நாள்? வயது 8."

பதில் எதுவும் அறுபது சொல்லைத் தாண்டக்கூடாது என்பது எங்கள் கணக்கு. நாலைந்து மருத்துவர்களைக் கேட்டு, உடம்பு கொழுப்பை எரித்துச் சமாளிப்பதையும் ஒட்டகத்தின் திமிலையும் சேர்த்து அக்கா அழகாக எழுதிவிட்டாள். எனக்குப் படித்துக் காட்டினாள். ஒட்டகம் நன்றாக வந்திருக்கிறது என்று நானும் சொன்னேன். வெட்கங்கெட்ட பாராட்டு.

மெய்ப்புப் பார்க்கும்போதுதான் அவள் பேனா நின்றது.

"இந்தக் கடுதாசி எங்கேம்மா?"

"எதுக்குக்கா?"

"ரெண்டாவது கேள்வியைப் படி. இது ஒட்டகத்தைப் பத்தின கேள்வியா?"

படித்தேன். 'சின்னப் பிள்ளை என்றால் எத்தனை நாள்?'

"அதுல வேற என்ன எழுதியிருந்துச்சு?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? "இன்னும் ரெண்டு மூணு வரி இருந்துச்சுக்கா. கேள்வி இல்லையேன்னு நான் படிக்கல."

பேப்பர் கடைக்கு ஓடினோம். "ஆலைக்குப் போயி ஆறு வாரம் ஆச்சும்மா," என்றார் கடைக்காரர். "இந்நேரம் முட்டை அடுக்குற அட்டையா ஆகியிருக்கும்." காவல் நிலையத்தில் பெயர் என்ன, ஊர் எது, ஆணா பெண்ணா என்று கேட்டார்கள். அக்கா அட்டையை நீட்டினாள். அதிகாரி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

அக்கா ஒட்டகத்தை அடித்துவிட்டு வேறு எழுதினாள். 'கண்ணு, இதை ஒரு பெரியவரிடம் சொல். அவர் காதில் போட்டுக்கொள்ளாவிட்டால் இன்னொருவரிடம் சொல். எனக்கு மறுபடி எழுது, நான் வருகிறேன். உன் முகவரியையும் எழுது.' கடைசி வரியை முதலாளி அடித்தார். "பிள்ளைங்ககிட்ட முகவரி கேட்டா பெத்தவங்க சண்டைக்கு வருவாங்க. நீங்களா பதில் சொல்லுவீங்க?" என்றார். அந்த வரி இல்லாமலே பக்கம் அச்சுக்குப் போனது.

புத்தகம் அச்சாகிக் கடைக்குப் போக நாலு மாதம். நாலு மாதத்தில் பசிக்கிற ஒரு பிள்ளைக்கு என்னவெல்லாம் ஆகும் என்பது அக்காவுக்கு நன்றாகத் தெரியும், அதற்காகத்தானே அத்தனை பேரைக் கேட்டு எழுதினாள்! மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள், அப்படியே மூடுவாள். "சாப்பிடுங்கக்கா" என்றால் என்னை நிமிர்ந்து பார்ப்பாள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

புத்தகம் வந்த மூன்றாவது வாரம் கடிதங்கள் வந்தன. மொத்தம் பதினொன்று. எல்லாவற்றிலும் 'அது நான்தான்' என்று இருந்தது. கேள்விக்குக் கீழே வயதை அச்சடித்திருந்தோம் அல்லவா, எல்லோரும் எட்டு வயது என்றே எழுதியிருந்தார்கள். அக்கா பதினொன்றையும் மேசையில் பரப்பினாள்.

"நீதானே பாத்தே? எந்தக் கையெழுத்துன்னு சொல்லும்மா."

பார்த்தேன். குனிந்து, நிமிர்ந்து, வெளிச்சத்தில் பிடித்து எல்லாம் பார்த்தேன். அந்தக் கடிதத்தில் ஒரு எழுத்துகூட என் நினைவில் இல்லை. அழுகைதான் வந்தது.

"தெரியலக்கா."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அப்ப பதினொண்ணும் அதுதான்," என்று சொல்லிப் பையை எடுத்தாள்.

நாலு கடிதத்தில் முகவரி இருந்தது. நாலு வீட்டுக்கும் ஏறி இறங்கினாள். ஒரு பிள்ளைக்கு இலவசப் புத்தகம் வேண்டியிருந்தது. மற்ற மூன்றும் கூட்டாளிகள் பந்தயம் கட்டி எழுதியவை. அக்கா அவர்களைத் திட்டாமல், சாப்பிட்டாயா என்று மட்டும் ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

மீதி ஏழில் முகவரி இல்லை. உறையின் மேல் தபால் முத்திரை மையாய் அப்பியிருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் ஊர் தெரியவில்லை. அந்த ஏழில் ஒன்றில், 'அது நான்தான்' என்பதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. இந்த முறை நான் ஒரு வரி விடாமல் படித்தேன்.

'எப்ப வருவீங்க?'