பால் அறைக்குப் போன கூரை

பின்லாந்துக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு பாராட்டைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். எங்கள் தெருவில் எல்லாக் கூரைகளிலும் பனி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. எதிர்வீட்டுக் கூரை மட்டும் ஓடு தெரியச் சுத்தமாக இருந்தது. கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடித்த வீட்டைப் பார்த்துச் சொல்வதுபோல, அந்த வீட்டு அம்மாளிடம், "தெருவிலேயே உங்கள் கூரைதான் அழகு, பனியே இல்லை" என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "வசந்தத்தில் சரிசெய்துவிடுவோம்" என்று முணுமுணுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகுதான் விஷயம் புரிந்தது. இங்கே பனி உருகாமல் கிடக்கிற கூரைதான் நல்ல கூரை. உருகினால், உள்ளே காசைக் கொட்டி உண்டாக்கும் சூடெல்லாம் மேலே கசிகிறது என்று பொருள். அவர் வீட்டு ஓட்டையை நான் நடுத்தெருவில் நின்று புகழ்ந்திருக்கிறேன்.

அந்தக் கூரைகளே பிற்பாடு எனக்குச் சோறு போட்டன. வீடுகளில் சூடு எங்கே ஒழுகுகிறது என்று பார்த்து, அங்கே பஞ்சு நிரப்பும் நிறுவனமொன்றில் வேலை செய்கிறேன். கம்பளிக்கும் கூரைப் பஞ்சுக்கும் இங்கே ஒரே பெயர்தான், வில்லா. கண்ணாடியிழையில் செய்வார்கள், கல்லை உருக்கி இழுத்த நூலில் செய்வார்கள், பழைய செய்தித்தாளை அரைத்தும் செய்வார்கள். எதில் செய்தாலும் சங்கதி ஒன்றுதான்: அசையாத காற்று. அந்தக் காற்றைப் பிடித்து வைப்பதற்குத்தான் பஞ்சு. அமுக்கித் திணித்தால் காற்று போய்விடும், நனைந்தால் பஞ்சு இருந்தும் பயனில்லை. என் அம்மாவின் அறைக்குக் கூரை போடப்போகிறேன் என்று சொன்னபோது உடன் வேலை செய்பவர் ஒருவர் சிரித்தார். "உங்கள் ஊரில் குளிரே கிடையாதே, வில்லா எதற்கு? உள்ளே இன்னும் வேகவா?" என்று கேட்டார். அந்தப் பொருளுக்குக் குளிர் ஊர், வெயில் ஊர் என்ற பேதம் கிடையாது, இங்கே சூட்டை வெளியே விடாத அது அங்கே சூட்டை உள்ளே விடாது என்று விளக்கினேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. எனக்கு இருந்தது.

அம்மா ராஜபாளையத்தில் தம்பி ஜெபராஜ் வீட்டில் இருக்கிறாள். தம்பிக்குக் குடும்பம் பெருகிக் கீழே இடம் நெருக்கியதும், மாடியில் ஓர் அறை கட்டி அவளை அங்கே அனுப்பினார்கள். மேலே தகரக் கூரை. மேற்கே மலை இருந்தென்ன, பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் தகரத்தின் அடியில் மனிதர் படுக்க முடியாது. அம்மாவுக்கோ இரத்த அழுத்தம். ஆகவே பஃப் பேனல் என்று ஊரில் சொல்லும் பலகைகளை நானே தேர்ந்தெடுத்து மதுரையிலிருந்து அனுப்ப ஏற்பாடு செய்தேன். இரண்டு தகடுகளுக்கு நடுவே கெட்டி நுரை அடைத்தவை. கனம் எவ்வளவு, இணைப்பில் இடைவெளி விடாமல் எப்படிப் பூட்டுவது என்றெல்லாம் போனில் தம்பிக்குப் பாடமே நடத்தினேன். லாரியிலிருந்து இறக்கும் படம் வந்தது. வெள்ளை வெளேரென்ற உட்கூரையின் படமும் வந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து அம்மா வீடியோவில் பேசுவாள். சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, "ஏட்டி, மத்தியானத்துல போர்வ கேக்குதுட்டி" என்பாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

போன மே மாதம் ஊருக்குப் போனேன். சாப்பிட்டுவிட்டு அம்மாவின் கட்டிலில் சாய்ந்தேன். சற்று நேரத்தில் நெற்றியில் அனல் இறங்கியது. வருடக்கணக்காக இதே வேலையாக அலைபவளுக்குக் கருவி தேவையில்லை. கட்டில்மேல் ஏறி நின்று உட்கூரையைத் தட்டினேன். சின்னப் பிள்ளையின் கொட்டுபோலச் சத்தம் கேட்டது. மெல்லிய பிளாஸ்டிக் அட்டை. ஒன்றைத் தள்ளிப் பார்த்தேன். மேலே வெறும் நீலத் தகரம். திருகாணித் துளை வழியே ஊசியாக வெயில் இறங்கியது. வாசலில் அம்மா செம்பில் தண்ணீரோடு நின்றாள். "எறங்குட்டி, விழுந்து கிழுந்து வைக்காத" என்றாள். அவள் முகத்தில் துளிகூட ஆச்சரியம் இல்லை.

அப்படியே பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அங்கேதான் தம்பி பால்கோவா போட்டு விற்கிறான். அடுப்படியைத் தாண்டிப் பின்னால் போனால், பால் வைக்கப் புதிதாக ஒரு குளிர் அறை. நான் தேர்ந்தெடுத்த பலகைகளேதான், ஓரத்துப் பச்சைக் கோடு உட்பட. இணைப்பில் ஓர் இடைவெளி இல்லை. நான் சொல்லிக்கொடுத்தபடியே பூட்டியிருந்தான்.

"ஏலே, அம்மா அங்க வேகுறாளேலே" என்றேன்.

"பாலு ரெண்டு தடவ திரிஞ்சு போச்சுக்கா. யாவாரமே படுக்கிற மாதிரி ஆயிருச்சு. அந்நேரம் பலக வந்து எறங்குச்சு" என்றான். கண்ணைப் பார்க்காமல் கரண்டியைத் துடைத்தான். "எம்மேல பாயாத. எடுத்துக்கிடச் சொன்னதே அம்மாதான்."

வேலியே பயிரை மேய்ந்ததென்று திட்டிக்கொண்டுதான் பஸ்ஸில் வந்தேன். திரும்பும்போது பார்த்தால், பயிரே வேலியைக் கூப்பிட்டு மேயச் சொல்லியிருக்கிறது. அம்மாவிடம் கேட்டேன். மறுக்கவில்லை.

"பாலு தாங்காதுட்டி. நான் தாங்குவேன்."

"அதுக்கு ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழம பொய்யா சொல்லுவ? கோயில்லருந்து வந்த காலோட?"

"சொன்னா என்ன செய்வ? அம்புட்டுத் தூரத்துல கெடந்து அழுவ. நீ வருசத்துக்கு ஒருக்கா வார, செத்த நேரம் சண்ட போட்டுட்டுப் போயிருவ. பொறவு நான் அவன் கையிலதான சோறு திங்கணும்?"

தம்பிமேல் வந்தது கோபம். அது ஆறிவிடும். அம்மா செய்ததற்குத் துரோகம் என்பதைத் தவிர எனக்கு வேறு சொல் அகப்படவில்லை. பொய் சாட்சி சொல்லாதே என்று வேதத்தின் பத்துக் கற்பனைகளையும் எங்களை மனப்பாடம் செய்ய வைத்தவள், வேர்த்த உடம்பில் தலைப்பை இழுத்து மூடிக் குளிர்கிறது என்று நடித்திருக்கிறாள். நானும் அதை அலுவலகத்தில் பெருமையடித்திருக்கிறேன். இதை வாசிக்கிற நீங்களும் அயல்தேசத்தில் இருந்தால், வாரா வாரம் "எல்லாரும் சௌக்கியம்" என்பதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்தான். வெளியூர்ப் பிள்ளையிடம் கஷ்டத்தைச் சொல்லக்கூடாது என்பது நம் வீடுகளில் சட்டம். பாசம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நம்மை விருந்தாளியாக்கி வாசலோடு நிறுத்துவதும் அதுதான் என்று அன்றைக்கு உறைத்தது.

சரி, தகரத்தின் மேல் தென்னங்கிடுகு வேய்ந்துவிட்டாவது போகிறேன் என்றேன். கிடுகின் இடுக்கில் நிற்பதும் அதே காற்றுதான். "மாடி வீட்டுக்கு மேல கிடுகா? தளவாய்புரத்துச் சம்பந்தகாரவுக வந்தா என்ன நெனப்பாக?" என்றாள். என்னோடு வந்துவிடு என்றேன். "அந்தக் குளுரு எனக்கு ஆகாதுட்டி" என்றாள்.

கிளம்புகிற அன்று தம்பி ஒரு தெர்மாகோல் பெட்டியோடு வந்தான். அந்தப் பால் அறையில் குளிரவைத்த பால்கோவா, சுற்றிலும் ஐஸ் பைகள், மூடியின் விளிம்பெல்லாம் டேப். பால் பண்டங்களைப் பின்லாந்துக்குள் விடமாட்டார்கள் என்று அவனுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அம்மா வாங்கி என் கையில் வைத்து, "தம்பி ஆசையா கட்டுனது, தட்டாத" என்றாள். தட்டவில்லை.

ஹெல்சிங்கியில் சுங்க அதிகாரியிடம் நானாகவே பெட்டியை நீட்டினேன். அவர் டேப்பை அறுத்து உள்ளே கைவைத்துப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "இன்னும் இவ்வளவு குளிராக இருக்கிறதே! என்ன இது?" என்று கேட்டார்.

"என் அம்மாவின் கூரை" என்றேன்.

என் பின்னிஷ் மொழி தடுமாறுகிறது என்று நினைத்துவிட்டார். அன்பாகச் சிரித்து, குழந்தைக்குச் சொல்வதுபோல, "பெட்டி" என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார். நானும் "பெட்டி" என்று திருப்பிச் சொன்னேன். பால்கோவாவைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் திருப்பித் தந்தார்.

வெளியே வந்து பேருந்துக்காக நின்றபோது மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டேன். பால் அறையின் குளிர் அப்படியே இருந்தது. இங்கே காலை, ராஜபாளையத்தில் உச்சிவெயில். அம்மா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பாள்.