செருப்பில்லாமல் ரோடு பார்க்கும் ஏழுமலை

போன பௌர்ணமிக்கு மறுநாள், சனிக்கிழமை, திருவண்ணாமலைக்குப் போனேன். ஞாயிறு காலை செங்கத்தில் கிளம்பி மலையைச் சுற்றி வந்து முடியும் சைக்கிள் பந்தயத்தைப் பார்த்தேன். அதில் முதல் மூன்று இடம் பிடிப்பவர்களை மட்டும்தான் மாவட்ட சைக்கிள் சங்கத்துக்காரர்கள் மாநிலப் போட்டிக்கு அனுப்புவார்கள். என் சிநேகிதர் ஏழுமலை நாலாவதாக வந்தார். நடந்தது இவ்வளவுதான். ஆனால் ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகியும் அந்த ஒரு வளைவு கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நான் வேலூரில் சைக்கிள் டயர், டியூப் மொத்த வியாபாரம் செய்பவன். எண்பத்தொன்பதில் கடை கிடையாது. ஒரு பையில் டியூபைத் திணித்துக்கொண்டு பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் விற்பேன். அப்போது திருவண்ணாமலை சைக்கிள் கடை ஒன்றில் ஒரு பையன் என் டயரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதவிட ஒல்லியா இருக்காணா?" என்றான். "வண்டிய ஓட்டப் போறியா, காதுல மாட்டப் போறியா?" என்று கேட்டேன். அவன்தான் ஏழுமலை. அந்த வருஷம்தான் முதல் முதலாகப் பந்தயத்தில் ஓட்டினார். இன்றைக்கு வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். காலையில் சைக்கிள், பத்து மணிக்கு மேல் ஜெராக்ஸ். பதினேழு வருஷமாக இதுதான் அவர் பிழைப்பு. சுற்று வட்டாரத்தில் அவர் ஓட்டாத பந்தயம் இல்லை. மாநிலப் போட்டிக்கு மட்டும் ஒரு தடவைகூடப் போனதில்லை. ஒரு வருஷம் ஐந்தாவது வருவார், ஒரு வருஷம் செயின் அறுந்துவிடும். அங்கே நாற்பத்தைந்து வயது முடிந்தவர்களைச் சேர்ப்பதில்லை. அவருக்கு வரும் ஆனியில் முடிகிறது. மாநிலப் போட்டி பங்குனியில். ஆக, இதுதான் கடைசி வாய்ப்பு.

நான் போனது அவருக்காக என்று நினைத்துவிடாதீர்கள். கியர் சைக்கிளுக்கான ஒல்லி டயர் புதிதாக எடுத்திருக்கிறேன். ஜெயிக்கிற பையனைப் பிடித்து, மாநிலப் போட்டியில் அவன் சட்டையில் என் கடைப் பேரைப் போட்டுவிட வேண்டும் என்பது என் திட்டம். ஏழுமலைக்கும் இது தெரியும். "நல்லதா ஒரு பையனப் பாத்து வெக்கிறேன் வாங்கணா" என்று போனில் அவரே சொன்னார்.

வேலூரில் பஸ் ஏறியது காலை பத்தேகால். கண்ணமங்கலம், போளூர் வழியாக எண்பத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. இரண்டேகால் மணி நேரம். இடப்பக்க ஜன்னலுக்கு அடித்துக்கொள்ள வேண்டாம். போளூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மலை டிரைவருக்கு நேர் எதிரே வந்து நிற்கும். எந்த சீட்டிலிருந்தும் தெரியும். எத்தனை தடவை போயிருப்பேன், கணக்கே இல்லை. இருந்தாலும் அது முதலில் தெரியும்போது கையில் இருக்கும் வேர்க்கடலையை வாயில் போடாமல் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிடுவேன். பௌர்ணமி முடிந்துவிட்டதால் லாட்ஜில் தனி அறை இருநூற்றைம்பதுக்குக் கிடைத்தது. முதல் நாள் அதே அறை எழுநூறு என்று மேனேஜரே பெருமையாகச் சொன்னார்.

நாலு மணிக்கு ஏழுமலை வந்தார். "வாங்கணா, ரோடு பாத்துட்டு வரலாம்." ஆட்டோவில் செங்கம் ரோட்டில் போய், கிரிவலப் பாதை பிரியும் இடத்தில் இறங்கினோம். பந்தயம் செங்கத்திலிருந்து வந்து இந்த இடத்தில் திரும்பி, மலையை வலப்பக்கம் வைத்து, அடி அண்ணாமலை வழியாகக் காஞ்சி ரோட்டில் போய் முடியும். இந்தத் துண்டு ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர். இறங்கியதும் அவர் செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நீங்களும் கழட்டுங்க."

"சாமிக்கா?"

"சாமிக்கு நேத்தே நடந்துட்டேன். இது ரோட்டுக்கு."

பந்தயத்துக்கு முதல் நாள் அவர் இப்படித்தான் ரோடு பார்ப்பாராம். இந்த ஊரில் மலையைச் செருப்பில்லாமல் சுற்றி வளர்ந்தவர். எந்த இடத்தில் தார் வழவழ என்று இருக்கிறது, எங்கே ஜல்லி பெயர்ந்து மேலே கிடக்கிறது என்பது கண்ணைவிட உள்ளங்காலுக்கு நன்றாகத் தெரியும் என்கிறார். எனக்குத் தெரிந்ததெல்லாம் சூடுதான். பௌர்ணமிக் கூட்டம் போன பிறகு அந்த ரோட்டைப் பார்த்திருக்கிறீர்களா? பிளாஸ்டிக் டம்ளர், நசுங்கிய எலுமிச்சம்பழம், கற்பூரம் எரிந்த கறுப்பு, அறுந்த செருப்பு. நான் காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறேன். அவர் குதிகாலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறார்.

அடி அண்ணாமலைக்குக் கொஞ்சம் முன்னால் ரோடு வலப்பக்கம் திரும்பும். அந்த வளைவின் நடுவில் நின்றுவிட்டார். பார்த்தால் மற்ற இடம் மாதிரியே புழுதிதான். உள்ளங்காலை விரலால் வழித்து முகர்ந்தார்.

"பாமாயிலு."

வளைவு ஓரத்தில் டீக்கடை வைத்திருக்கும் அம்மா உள்ளேயிருந்தே சொன்னார். "நேத்து ராத்திரி இங்கதான் அன்னதானம். பூரியும் போட்டாங்க. போறப்ப அண்டாவ ரோட்டுலயே கழுவி ஊத்திட்டுப் போனாங்க. புண்ணியம் அவங்களுக்கு, வழுக்கல் நமக்கு. காலைல ஒரு டிவிஎஸ் வண்டிக்காரர் என் கடைக்குள்ளயே வந்து விழுந்தாரு. டீயும் குடிக்காம போயிட்டாரு."

அவர் அடுப்பிலிருந்து சாம்பல் வாங்கி இரண்டு பேரும் கொட்டித் தேய்த்தோம். ஏழுமலைக்குத் திருப்தி இல்லை. "ராத்திரி லாரி போனா சாம்பல் பூடும். எண்ணெய் தார்ல ஊறிடுச்சு. விடிகாலைப் பனி பட்டா மறுபடியும் மேல வரும்." வளைவு முழுக்கக் காலால் தடவிப் பார்த்து, இடது ஓரத்தில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு ரோடு சுத்தமாக இருக்கிறது என்று கண்டுபிடித்தார்.

ஆறரைக்கு வேங்கிக்காலில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஓட்டுபவர்களுக்கு நம்பர் துணி கொடுத்தார்கள். முப்பது பேருக்கு மேல் இருப்பார்கள். ஏழுமலை எழுந்து நின்று, "அடி அண்ணாமலை வளைவுல நடுவுல எண்ணெய் கீது. இடது ஓரமா, ஒரு கை அகலத்துல போங்க" என்றார்.

ஆரணிப் பையன் தினேஷ், காலேஜில் படிப்பவன். எல்லாரும் அவன்தான் ஜெயிப்பான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் கண் வைத்திருந்ததும் அவன் மேல்தான். அவன் சொன்னான்: "இன்னாணா, எண்ணெய்னு சொல்லி எங்கள பிரேக் புடிக்க வெச்சிட்டு, நீங்க நைசா போயிடலாம்னா?"

மண்டபமே சிரித்தது. "நாங்களும் மதியம் பைக்ல போய்ப் பாத்தோமே, ஒண்ணும் இல்லியே" என்றான் இன்னொருவன். ஏழுமலையும் சேர்ந்து சிரித்தார். வற்புறுத்தவில்லை. வெளியே வந்ததும் நான்தான் சொன்னேன்: "விடுங்க. சொல்றது சொல்லியாச்சு. நம்பாதவன் விழட்டும். நாலு பேர் விழுந்தா உங்களுக்கு இடம் தானா வரும்."

"வரும்" என்றார்.

ஞாயிறு காலை ஆறரைக்கு, லாட்ஜ் வாசலில் ஆட்டோ போடும் பாஷா பாயின் வண்டியில் கிளம்பினேன். அடி அண்ணாமலை வளைவு வரை போய், காத்திருந்து, பிறகு காஞ்சி ரோட்டில் பந்தயம் முடியும் கோடு வரை கொண்டுவிட நூற்றைம்பது கேட்டார், நூற்றிருபதுக்கு ஒப்புக்கொண்டார். "சைக்கிள் பாக்க ஆட்டோவுல போற ஆளு நீங்கதான் சார்" என்றார். டீக்கடை அம்மா எனக்கென்றே ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருந்தார். மலை உச்சி ஓரத்தில் மட்டும் வெயில் பட்டுச் செம்மண் நிறத்தில் இருந்தது. கீழே இன்னும் பனி. ரோட்டில் சாம்பலைக் காணோம். வளைவின் நடுவில் லேசான மினுமினுப்பு, அதுவும் குனிந்து பார்த்தால்தான்.

ஏழேகாலுக்குப் போலீஸ் ஜீப் போனது. அடுத்து ஒரு சத்தம். சைக்கிளுக்கு அப்படி ஒரு சத்தம் உண்டு என்று இத்தனை வருஷம் டயர் விற்றும் எனக்குத் தெரியாது. முப்பது செயினும் அறுபது டயரும் சேர்ந்து, காய்ந்த சோளக் கொல்லையில் காற்று புகுந்த மாதிரி வந்தது. பார்க்கிறேன், முன்னால் வருவது ஏழுமலை. தனியாகப் பிரிந்து போகவில்லை. பின்னால் அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு வருகிறார். வாய் திறந்திருக்கிறது, கழுத்து நரம்பு கயிறு மாதிரி. வளைவுக்கு முன்னால் இடது கையை எடுத்து ரோட்டு ஓரத்தைக் காட்டினார். ஒற்றைக் கையால் அந்த ஒரு கை அகலத்தில் சாய்ந்து போனார். அவர் பின் சக்கரத்தைப் பார்த்து தினேஷ், தினேஷ் சக்கரத்தைப் பார்த்து அடுத்தவன், இப்படி அத்தனை பேரும் ஒரே கோட்டில் சாய்ந்து என் முழங்காலை உரசுவது போலப் போனார்கள். ஒருவன்கூட பிரேக் பிடிக்கவில்லை. கடைசியாக வந்த பையன் மட்டும் கோட்டை விட்டு நடுவில் போனான். பின் சக்கரம் பக்கவாட்டில் ஓடியது. காலை ஊன்றிச் சமாளித்தான். அவன் முகம் வெளுத்துப் போனதை நான் பார்த்தேன்.

டீக்கடை அம்மா கையில் வடிகட்டியோடு அப்படியே நின்றுவிட்டார். "யாரு அது முன்னால போனது?" என்று கேட்டார். நேற்று சாம்பல் வாங்கியவர் என்றேன்.

நாங்கள் கோட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தினேஷ் முதல். ஏழுமலை நாலாவது; மூன்றாவது ஆளுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சைக்கிள் நீளம்கூட இல்லை என்றார்கள். அவர் மனைவி தனலட்சுமி கேழ்வரகுக் கூழை நீட்டிக்கொண்டு, "நாலாவது வர்றதுக்கு நாலு மணிக்கு எழுந்திரிக்கணுமா? என் தூக்கமும் போச்சு" என்றார். ஆனால் இன்னொரு கை அவர் முதுகைத் துடைத்துக்கொண்டே இருந்தது.

தினேஷ்தான் எனக்கு விவரம் சொன்னான். "வளைவுக்கு ரெண்டு கிலோமீட்டர் இருக்கறப்பவே எல்லாருக்கும் முன்னால வந்துட்டாருணா. பெருசுக்கு இன்னா ஆச்சு, இவ்ளோ சீக்கிரம் இழுக்குதேன்னு நாங்க ஜாலியா பின்னால ஒண்டிக்கிட்டோம். காத்து முழுக்க அவரு மேல." சைக்கிள் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: முன்னால் போகிறவன் காற்றை உடைக்கிறான், பின்னால் ஒண்டுகிறவனுக்குப் பாதி வேலை மிச்சம். கடைசியில் பாய வேண்டியவன் யாரும் அங்கே போய் முன்னால் நிற்கமாட்டான். பிறகு பையனே கேட்டான்: "எண்ணெய் நெஜமாவே இருந்துச்சாணா?" கடைசியாக வந்தவனைக் கேட்டுப் பார் என்றேன்.

ஏழுமலையிடம் தனியாகக் கேட்டேன். "பின்னால இருந்திருந்தா மூணுல ஒண்ணு உங்களுது. எதுக்குய்யா போய் முன்னால நின்னீங்க?"

"சொன்னா நம்பலியே. ஆனா எவனா இருந்தாலும் முன்னால போற சக்கரத்த நம்புவான்ணா. அதவிட்டா வேற வழி?" கூழைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "அந்த வேகத்துல விழுந்தா தோல் மட்டுமா போகும்? அப்புறம் நான் மூணாவது வந்தேன்னு எவங்கிட்ட போய்ச் சொல்றது."

வருத்தம் இல்லாமல் இல்லை. சைக்கிளைத் துடைத்த துணியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். நான் பந்தயத்துக்கு வந்ததே வேறு ஆளைத் தேடி. முப்பது வருஷ வியாபாரத்தில் சரக்கு பார்த்து எடுக்கத் தெரியாதவன் இல்லை நான். சங்கத்துச் செயலாளரிடம் போய் விசாரித்தேன். சங்கம் அனுப்பாதவர்கள் ஏதாவது ஒரு கடை அல்லது கம்பெனி பேரில் பதிந்துகொள்ளலாம், அதற்குத் தடை இல்லை, இதுவரை எந்தக் கடையும் காசு போட முன்வரவில்லை, அவ்வளவுதான் என்றார். திரும்பி வந்து ஏழுமலையிடம் பேசினேன். முதலில் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஜெயிச்ச பையன விட்டுட்டு என் மேல காசு போடுறீங்களே, கடைய மூடுற உத்தேசமா?" என்றார். தனலட்சுமி, "அவரே குடுக்கறேன்றாரு, உங்களுக்கு இன்னா?" என்றதும் அடங்கினார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பௌர்ணமிக்கு அடுத்த நாள் போனால் அறை மலிவு, கூட்டம் கம்மி, ஆனால் ரோடு அழுக்கு. இரு சக்கர வண்டியில் போகிறவர்கள் அன்னதானம் நடந்த இடங்களில் நிதானமாகப் போங்கள். செருப்பில்லாமல் நடப்பதாக இருந்தால் மாசிக்கு மேல் நாலு மணிக்கு ஆரம்பிக்காதீர்கள், ஐந்தரைக்கு மேல் நடங்கள். என் காலில் இரண்டு கொப்புளம். ஆட்டோவுக்கு ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். பந்தயம் பார்ப்பவர்கள் கோட்டருகில் இடம் பிடிக்க முட்டி மோத வேண்டாம். ஜெயிப்பது மட்டும்தான் அங்கே தெரியும். வளைவில் நில்லுங்கள்.

கடைசியில் பேசி முடித்த விவரம் இது. மாநிலப் போட்டிக்கு என் கடை பேரில் ஏழுமலை ஓட்டுகிறார். நுழைவுக் கட்டணம், இரண்டு பேர் பஸ் செலவு, தங்கும் அறை, இரண்டு டயர், நாலு டியூப் என்னுடையது. சட்டையில் முன்னும் பின்னும் கடைப் பேர் கேட்டேன், "முதுகுல மட்டும் போடுங்கணா, எனக்கு எதிர்ல எவன் வரப்போறான் படிக்க?" என்றார், சரி முதுகில் ஒரே வரி. பரிசு வந்தால் முழுக்க அவருக்கு. வராவிட்டால் ஏன் என்று நான் கேட்கக் கூடாது. போட்டிக்கு முதல் நாள் அந்த ஊர் ரோட்டை முழுக்க அவர்கூட நானும் நடக்க வேண்டும், செருப்பில்லாமல்.