ஆகாச புட்டியில் தெரிந்த எழுத்து

மைசூரில் நான் படித்தது கன்னட மீடியம். தமிழ் எழுத்தை அம்மாதான் கற்றுத்தந்தாள். பழைய வாரப் பத்திரிகைகளின் தலைப்புகளில் என் விரலை வைத்து, மாலை வேளைகளில் எழுத்துக் கூட்ட வைப்பாள். இரண்டாம் வகுப்பிலேயே பெரிய எழுத்துகளை மூச்சுவிடாமல் படிப்பேன். வீட்டுக்கு யார் வந்தாலும், அவர்கள் கேட்காமலே படித்துக் காட்டுவேன்.

காவிரித் தண்ணீருக்காக ஊரில் கலவரம் நடந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. பெரியப்பாவின் தையல் கடைப் பலகையில் தமிழ் இருந்தது. பலகையோடு கடையும் எரிந்து, அவர் சேலத்துக்கே திரும்பிவிட்டார். அதன் பிறகு அப்பா வீட்டில் ஒரே சட்டம் போட்டார்.

"வாசப்படி தாண்டினா கன்னடந்தான். தமிழ்ல ஒரு எழுத்துகூட வெளிய தெரியக்கூடாது."

கூடத்தில் தொங்கிய தமிழ்த் தினக் காலண்டர் சமையலறைக்குப் போனது. அப்பாவின் கன்னடத்தை இரண்டு வாக்கியம் கேட்டாலே அவர் தமிழர் என்று யாருக்கும் தெரிந்துவிடும். அது அவருக்கு மட்டும் தெரியாது.

தீபாவளிக்கு எதிர்வீட்டு வாசலில் ஆகாச புட்டி தொங்கியது. காகிதத்தில் செய்த கூண்டு, உள்ளே பல்பு. எங்களுக்கும் வேண்டும் என்று நானும் தம்பியும் ஒற்றைக் காலில் நின்றோம். வீட்டில் கிடப்பதை வைத்தே செய்யலாம் என்றாள் அம்மா. துடைப்பக் குச்சிகளை நூலால் கட்டிக் கூண்டு செய்தோம். தம்பி பால் கவர்களைக் கழுவி, நீள நீளமாக வெட்டி வால் செய்தான். ஆயுத பூஜைக்கு ஃபாக்டரி மிஷினில் ஒட்டியிருந்த கலர்த் தாள்களை அப்பா கொண்டுவந்து வைத்திருந்தார். அவை மெலிதாக, அங்கங்கே கிழிந்திருந்தன. அதனால் முதலில் பத்திரிகைத் தாளை மைதா பசையால் ஒட்டி, அதன்மேல் கலர்த் தாளை ஒட்டினோம்.

"எழுத்து தெரியுமேம்மா?" என்றேன்.

"மேல கலர்த் தாள் வந்துட்டா ஒண்ணும் தெரியாது."

பகலில் ஒன்றும் தெரியவில்லைதான். தீபாவளிக்கு முந்தின சாயங்காலம் வாசலில் மாட்டி, அம்மா சுவிட்சைப் போட்டாள். நாங்கள் கை தட்டினோம். அந்த நேரம் பார்த்து அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். தெருவில் போன மூன்று இளைஞர்களும் நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

"சென்னாகிதெ," அழகாக இருக்கிறது என்றான் ஒருவன். பிறகு, "ஏனண்ணா பரெதிரோது?" என்று அப்பாவைக் கேட்டான்.

அப்போதுதான் அப்பா பார்த்தார். பல்பு வெளிச்சத்தில், சிவப்புத் தாளுக்குள்ளிருந்து போன வருஷத்துத் தீபாவளி இதழின் கொட்டை எழுத்துகள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தன. என்ன எழுதியிருக்கிறது என்றுதான் அவன் கேட்டான். அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"தெலுகு," என்றார். "தெலுகு, சார்." தன்னில் பாதி வயதுப் பையனை சார் என்றார்.

அப்பாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஓடிப்போய் அதன் கீழே நின்று விரலை நீட்டி, தெரு முழுக்கக் கேட்கும்படி படித்தேன்.

"தீ-பா-வ-ளி வாழ்த்துகள்! தமிழ்ப்பா இது!"

கன்னத்தில் இடி விழுந்தது. அதுவரை அப்பா என்னை அடித்ததே இல்லை.

"மகூன்ன யாக்கண்ணா ஹொடீத்தீரா?" குழந்தையை ஏன் அடிக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, அந்த இளைஞர்கள் தங்கள் வழியில் போனார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அப்பா புட்டியைப் பிய்த்து எறிந்தார், கதவைச் சாத்தினார், அவர்கள் ஆள் கூட்டிக்கொண்டு வருவார்கள் என்று இரும்புக் கம்பியோடு கதவோரம் உட்கார்ந்தார். யாரும் வரவில்லை. அடுத்த மாதம் வேறு பேட்டைக்கு வீடு மாறினோம்.

அடி விழுந்த மறுநாள், தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு வெந்நீர் போட, அம்மா தன் பத்திரிகைகள் அத்தனையையும் அடுப்பில் வைத்தாள். தலையில் தண்ணீர் ஊற்றும்போது, ராத்திரி முழுக்க மனசை அரித்ததை அவளிடம் கேட்டேன்.

"நான் சரியாத்தானேம்மா படிச்சேன்?"

அம்மா செம்பை நிறுத்தவில்லை.

"இல்ல. தப்பாப் படிச்சே. அது தெலுங்குதான்."

எழுத்துச் சொல்லித்தந்தவளே சொன்ன பிறகு நான் என்ன செய்வேன்? நம்பினேன். இத்தனை நாள் படித்தது ஒன்றும் மண்டையில் ஏறவில்லை, அதனால்தான் அடி விழுந்தது என்று அழுதேன். அம்மா என்னிடம் பொய் சொல்வாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.