கமலவேணி கேட்ட புத்தகம்

நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மேஜை, ஓயாமல் அடிக்கும் இரண்டு மூன்று போன்கள், சுவரில் ஓர் இந்திய வரைபடம். பரமத்தி ரோட்டில் அப்படியொரு ஆபீஸில் கமலவேணி பல வருஷமாக வேலை பார்க்கிறாள். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்த ஊரில் திரும்பு லோடு கிடைக்கும் என்று விசாரித்து டிரைவர்களுக்குச் சொல்ல வேண்டும். மத்தியானத்துக்கு மேல் போன் கொஞ்சம் அடங்கும். அப்போது டிராயரைத் திறந்து மாத நாவலை எடுப்பாள்.

பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்களே, அந்த நாவல்கள்தான். பத்தாவது படிக்கும்போது பிடித்த பழக்கம். கல்யாணமாகிப் பெண் பெரிய வீட்டுக்கு வருவாள், மாமியார் முறைப்பாள், புருஷன் சந்தேகப்படுவான், கடைசியில் ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாரும் அழுது ஒன்று சேர்வார்கள். முடிவு இதுதான் என்று கமலவேணிக்குத் தெரியும். தெரிந்தே படிப்பாள். வேலை அலுப்புக்கு அது போதுமாக இருந்தது.

ஒருநாள் டிரைவர் தனசேகர் பில்டி என்கிற சரக்கு ரசீதை வாங்க வந்தவன், அவள் கையிலிருந்த அட்டையை எட்டிப் பார்த்தான்.

“அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லு.”

“போன தடவ நான் வந்தப்பவும் இதே கதையத்தானுங்க படிச்சுட்டு இருந்தீங்க.”

“அது வேற, இது வேற.”

“அட்டைதானுங்க்கா வேற.”

கமலவேணிக்குச் சுருக்கென்றது. நீ யாரடா என்னைச் சொல்ல என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அவன் வண்டிக்குப் போய், முனை மடங்கிக் கிரீஸ் கறை பட்ட ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். “இதப் படிச்சுப் பாருங்க. புடிக்கலைன்னா என்ற மூஞ்சிலயே வீசிருங்க.”

வீசவேண்டும் என்றே அதை வீட்டுக்கு எடுத்துப்போனாள். குஜராத் கடற்கரையில் பழைய கப்பல்களை உடைக்கும் கூலி ஆள் ஒருவர் சொன்ன வாழ்க்கைக் கதை அது. முதல் பத்துப் பக்கம் எரிச்சலாக இருந்தது. ஊர் பெயரும் ஆள் பெயரும் வாயில் நுழையவில்லை. அதன்பிறகு எங்கேயோ ஓர் இடத்தில் கயிறு அறுந்து இரும்புத் தகடு ஆட்கள் மேல் விழுகிறது. பழைய கயிறு என்று தெரிந்தே மேஸ்திரி ஆட்களை ஏற்றியிருக்கிறான். கமலவேணி அடுப்பில் வைத்த பாலை மறந்தாள்.

படித்து முடித்த கையோடு தனசேகருக்குப் போன் போட்டாள். அவன் நாக்பூர் பக்கம் லோடு இறக்கிக்கொண்டிருந்தான்.

“ஏன் தனசேகரு, அந்த மேஸ்திரியப் புடிச்சாங்களா இல்லியா? புஸ்தகத்துல அதப் பத்திப் பேச்சே காணோம்.”

“எங்கீங்க்கா புடிக்கறது. யாரும் புடிக்கல.”

“அப்பறம் எதுக்கு இந்தப் புஸ்தகத்த என்ற கையில குடுத்த? எனக்கு வயிறு எரியுது.”

“நான் ஒருத்தனாத்தானுங்க்கா கோவப்பட்டுட்டு இருந்தேன். இப்ப ரெண்டு பேரு.”

அன்றைக்கு அவளுக்கு இன்னொரு கோபமும் வந்தது. இத்தனை வருஷம் தனக்கு யாரும் இப்படியொரு புத்தகத்தைக் கொடுக்கவில்லையே என்ற கோபம். போனில் கதை படிக்கும் ஆப் ஒன்று வைத்திருந்தாள். ‘உங்களுக்குப் பிடித்தவை’ என்று அது காட்டிய வரிசையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பெரிய வீடு, மாமியார், சந்தேகம். படித்ததையே திரும்பத் திரும்ப முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. இது தனக்கு எதையும் சொல்லித் தரப்போவதில்லை என்று அதை அழித்தாள். அப்புறம் பார்க்கிற ஆட்களையெல்லாம் கேட்க ஆரம்பித்தாள்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களைக் கேட்டாள். டயர் கடைக்காரரைக் கேட்டாள். அவர் சொன்ன பேய்க் கதையைப் படித்துவிட்டு இரண்டு நாள் கொல்லைப்புறம் போக யோசித்தாள். ஜேடர்பாளையத்து டிரைவர் ஒருவர் மீன்களைப் பற்றிய புத்தகம் ஒன்றைச் சொன்னார். அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. அதையும் அவரிடம் சொன்னாள். பிடிக்காததற்குக் காரணம் சொல்லப் போக, அரைமணி நேரப் பேச்சானது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் தனப்பிரியா சொன்னதுதான் பெரிய வம்பில் கொண்டுபோய் விட்டது. மனநோயாளிகள் விடுதி ஒன்றுக்குள் நடக்கும் நாவல், இரண்டு பாகம். சேலத்தில் படிக்கும்போது தோழியிடம் வாங்கிப் படித்ததாம். “படிச்சுட்டு வார்டுக்குப் போனா, பேஷன்ட் மூஞ்சியே வேற மாதிரி தெரிஞ்சுதுங்க்கா. நம்ம லைப்ரரில கண்ணாடி அலமாரிக்குள்ள இருக்குது. கேட்டுப் பாருங்க.”

கமலவேணி கிளை நூலகத்தில் உறுப்பினர்தான். புதன்கிழமை சாயங்காலம் போனாள். அலமாரி தெரிந்தது. தேக்கு மரம், கண்ணாடிக் கதவு, நெற்றியில் பித்தளைத் தகடு: ‘ராசம்மாள் நினைவு நூல்கள்’. மேல்தட்டில் அந்த இரண்டு பாகமும் அட்டை மங்காமல் நின்றன.

“ஏனுங்க சார், மேல்தட்டுல இருக்கற அந்த ரெண்டு பாகமும் வேணுமுங்க.”

நூலகர் கௌதமன் சின்ன வயசுக்காரர், தற்காலிக வேலை. ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவரைப் பார்த்தார். அவர் குழந்தைவேல், கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர், வாசகர் வட்டத் தலைவர். பேப்பரை இறக்கினார்.

“யாருக்கு அம்மிணி?”

“எனக்குத்தானுங்க.”

“என்ன வேல பார்க்கறீங்க?”

“லாரி புக்கிங் ஆபீஸ்லீங்க.”

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை. குழந்தை மிளகாய் கேட்டால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அப்படி. “அது கனமான புஸ்தகம். உங்களுக்குச் சரிப்பட்டு வராது. மகளிர் பகுதி அந்தப் பக்கம் இருக்குது பாருங்க.”

மகளிர் பகுதியில் கோலம் இருந்தது, ஊறுகாய் இருந்தது, விரத மகிமை இருந்தது. மிச்சமெல்லாம் அவள் டிராயரில் கிடந்த அதே மாத நாவல்கள், பைண்டு செய்து. கமலவேணி வெளியே வந்தாள். ஸ்கூட்டியில் பாதி வழி வந்த பிறகுதான் கோபம் ஏறியது. வேலை என்னவென்று எதற்காகக் கேட்டார்? வங்கியில் வேலை என்று சொல்லியிருந்தால் கதவு திறந்திருக்குமா?

புருஷன் சந்திரசேகர் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். சாப்பிட்டுக்கொண்டே கேட்டான். “ஒரு புஸ்தகத்துக்கு இந்தப் பாடா? ஊட்டுல கெடக்கறதப் படியேன்.”

“ஊட்டுல கெடக்கறது நான் படிச்சது. எனக்கு எது சரிப்படும்னு அவருக்கு எப்படித் தெரியும்? என்னைய அன்னிக்குத்தான் மொத மொதல்ல பார்க்கறாரு.”

அடுத்த வாரம் போனாள். சாவி கொண்டுவரவில்லை என்றார்கள். அதற்கடுத்த முறை, இருப்புச் சரிபார்ப்பு நடக்கிறது என்றார்கள். பிறகொரு நாள், அவை ஆய்வு மாணவர்களுக்கு மட்டும் என்றார்கள். அந்த நூலகத்துக்கு ஆய்வு மாணவர் எவரும் வந்து அவள் பார்த்ததில்லை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் வரும், பேப்பர் படிக்கிற பெரியவர்கள் வருவார்கள், மழைக்கு ஒதுங்குகிறவர்கள் வருவார்கள்.

“அது லைப்ரரி புஸ்தகந்தானுங்களே?” என்று கௌதமனைத் தனியாகக் கேட்டாள்.

“ஆமாங்க. அய்யா குடுத்ததுதான், ஆனா லைப்ரரிக்குத்தான் குடுத்தாரு. முத்திரை போட்டிருக்குது.”

“அப்ப சாவி?”

“அய்யாகிட்டங்க.” கௌதமன் குரலைத் தாழ்த்தினார். “நான் போன வருஷந்தானுங்க வந்தேன். வந்ததுலருந்தே இப்படித்தான்.”

வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டம் வந்தது. ‘நீங்கள் வாசித்த ஒரு நூலை மற்றவர்களுக்குப் பரிந்துரையுங்கள்’ என்று வாசலில் எழுதி ஒட்டியிருந்தார்கள். கமலவேணி ஆபீஸில் சொல்லிவிட்டு நேராக அங்கே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். வந்தவர்களில் அவளையும் சேர்த்து நாலைந்து பெண்கள். ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். பெரும்பாலானவர்கள் முன்னால் பேசியவரையும் தலைவரையும் பாராட்டிவிட்டு, எல்லாருக்கும் தெரிந்த புத்தகத்தைச் சொல்லி உட்கார்ந்தார்கள். அவள் முறை வந்தது.

“நான் சொல்லலாம்னு நெனச்ச புஸ்தகம் அந்த அலமாரிக்குள்ள இருக்குதுங்க. இன்னும் படிக்கல. படிக்காம எப்படிங்க சொல்றது?”

சிலர் சிரித்தார்கள். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்கள்.

“நாலு தடவ கேட்டுட்டேனுங்க. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம் சொல்றாங்க. இங்க இருக்கறவங்கள்ல யாராச்சும் அந்த அலமாரிலருந்து ஒரு புஸ்தகம் எடுத்துட்டுப் போயிருக்கீங்களா?”

ஒருவரும் கை தூக்கவில்லை. குழந்தைவேல் எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

“அம்மிணி, அதுல ஒவ்வொண்ணும் நான் மெட்ராஸ், மதுரைன்னு அலைஞ்சு வாங்கினது. இங்க வெளிய வச்ச புஸ்தகங்களப் பாருங்க. பக்கத்தக் கிழிக்கறான், பேனாவுல கிறுக்கறான், டீ கிளாஸ வைக்கறான். இதையும் அப்படி விட்டரச் சொல்றீங்களா?”

அவர் சொன்னது பொய்யில்லை. வெளித்தட்டுப் புத்தகங்களின் நிலைமை அப்படித்தான் இருந்தது. அவர் நின்ற நிலையில் நிஜமான வருத்தமும் இருந்தது.

“அப்பறம் எதுக்குங்க லைப்ரரிக்குக் குடுத்தீங்க? ஊட்டுலயே வச்சுப் பூட்டியிருக்கலாமல்லங்க?”

“அது என் சம்சாரத்தோட நெனவா வச்சது.”

கமலவேணி பித்தளைத் தகட்டைப் பார்த்தாள். சண்டைக்கென்று கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். “அம்மா இதெல்லாம் படிச்சிருக்காங்களா?”

அவர் மேஜை மேலிருந்த தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார்.

“அவளுக்கு நேரமில்ல. வர்றவங்க போறவங்களுக்குச் சமைச்சுப் போடவே சரியா இருந்துச்சு.”

“நீங்க ஒண்ணு எடுத்து, இதப் படிச்சுப் பாருன்னு குடுத்தீங்களா?”

கமலவேணிக்கு அந்த ராசம்மாளைத் தெரியாது, முகம் எப்படியிருக்கும் என்றுகூடத் தெரியாது. இருந்தும் அவள் பெயரை நெற்றியில் எழுதிக் கதவைப் பூட்டி வைத்திருப்பதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் அடங்கவில்லை. உயிரோடு இருக்கும்போது அவளுக்கும் சரிப்பட்டு வராது என்று இவரே முடிவு செய்திருப்பார். இப்போது பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்.

குழந்தைவேல் பையைத் திறந்து ஒரு சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் குடையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். கூட்டம் அத்தோடு கலைந்தது. போகிற வழியில், தினமும் பேப்பர் படிக்க வரும் ஒருவர், பெரிய மனுஷரை அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று காதில் விழும்படி சொன்னார். கமலவேணி திரும்பிப் பார்த்தாள். “நாலு தடவ என்னைய அனுப்பி வச்சப்ப நீங்க இங்கதானுங்களே உக்காந்திருந்தீங்க?” என்றாள். அவர் செருப்பைத் தேடினார்.

கௌதமன் அலமாரியைத் திறந்து இரண்டு பாகத்தையும் பதிவு செய்து கொடுத்தார்.

அந்த நாவலைக் கமலவேணி ஒரு மாதம் படித்தாள். முதல் பாகம் அவளை உள்ளே இழுத்துப் போட்டது. விடுதியில் ஒரு பெண் தினமும் தன் புடவையை மடித்து மடித்து வைத்துக்கொண்டு, கூப்பிட வராத தம்பிக்காகக் காத்திருப்பாள். அந்தப் பகுதியை இரண்டு முறை படித்தாள். இரண்டாம் பாகம் அப்படியில்லை. அதில் விடுதி டாக்டர் பக்கம் பக்கமாக யோசிக்கிறார். அந்தப் புடவைக்காரி எங்கே போனாள் என்று எழுதியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கமலவேணிக்குப் பொறுக்கவில்லை. தனப்பிரியாவிடம் போய்ச் சண்டை போட்டாள். தனப்பிரியா டாக்டர் பக்கம் பேசினாள். ஊசி போட வரிசையில் நின்றவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது ஜன்னலோரம் குழந்தைவேல் இருந்தார். இடையில் சில வாரம் வராமலிருந்தவர், இப்போது வர ஆரம்பித்திருந்தார்.

“படிச்சீங்களா?”

“படிச்சேனுங்க. ரெண்டாவது பாகம் எனக்குப் புடிக்கலைங்க.”

அவர் முகத்தில் லேசாக ஒரு வெளிச்சம் வந்தது. “நான்தான் அன்னிக்கே சொன்னேனே, சரிப்பட்டு வராதுன்னு.”

“படிச்சுட்டுப் புடிக்கலைன்னு நான் சொல்றதும், படிக்கறதுக்கு முன்னாலயே புடிக்காதுன்னு நீங்க சொல்றதும் ஒண்ணுங்களா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எது புடிக்கல?” என்று கேட்டார்.

அவள் புடவைக்காரியைப் பற்றிச் சொன்னாள். அவர் மறுத்தார். டாக்டரின் குழப்பம்தான் நாவலின் உயிர் என்றார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அவரும் விடவில்லை. கௌதமன் அடைக்கிற நேரமாகிவிட்டது என்று இரண்டு முறை நினைவுபடுத்த வேண்டியிருந்தது. கிளம்பும்போது குழந்தைவேல் அலமாரியின் கீழ்த்தட்டைக் காட்டி, வலது ஓரத்தில் ஒல்லியாக ஒன்று இருக்கிறது, ஒரு பெண் எழுதியது, அதை எடுத்துப் பாருங்கள் என்றார். கமலவேணி உடனே வாங்கிக்கொள்ளவில்லை. “எனக்குச் சரிப்படும்னு சொல்றீங்களா, இல்ல உங்களுக்குப் புடிச்சுதுங்களா?” என்று கேட்டாள்.

“எனக்குப் புடிச்சுது,” என்றார் அவர்.

எடுத்துக்கொண்டாள்.

இப்போது அந்த அலமாரி சனிக்கிழமைகளில் மட்டும் திறக்கிறது. சாயங்காலம் இரண்டு மணி நேரம். வாசகர் வட்டம் கூடிப் பேசி எடுத்த பெரிய முடிவு அது. உறுப்பினர்கள் அதை நன்றியோடு ஏற்றுக்கொண்டார்கள். கமலவேணி ஏற்கவில்லை. சனிக்கிழமைதான் லோடு அதிகம், ஆபீஸை விட்டு நகர முடியாது. விசைத்தறிக்குப் போகிற பெண்களுக்கும் அன்றைக்குத்தான் கூலி நாள். மற்ற நாளெல்லாம் அந்தக் கதவுக்கு என்ன வேலை என்று கௌதமனைக் கேட்டாள். தலைவரைத்தான் கேட்க வேண்டும் என்றார். தலைவரைக் கேட்டாள். அடுத்த கூட்டத்தில் வைக்கலாம் என்றார். ஆபீஸில் அந்தக் கூட்ட நாளுக்கு அரைநாள் லீவு சொல்லி வைத்திருக்கிறாள். இந்த முறை தனியாகப் போவதில்லை. தனப்பிரியா டூட்டி மாற்றிக்கொண்டு வருகிறாள். தனசேகர் அன்றைக்கு வண்டி ஊரில் இருந்தால் வாரேன் என்றிருக்கிறான்.