புட்டாவின் வலது கண்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜனவரி மாதத்தில், மைசூரில் எங்கள் வீட்டு மாடியறையில் நடந்தது இது. சங்கராந்திக்கு வந்த எள்ளும் வெல்லமும் டப்பாவில் இன்னும் தீர்ந்திருக்கவில்லை. அந்த மாதத்தில் மைசூர்க் காற்று எப்படி உலர்ந்திருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். காலையில் எழுந்தால் உதடு வெடித்திருக்கும். துவைத்துப் போட்ட வேட்டி மதியத்துக்குள் மொடமொடவென்று காய்ந்துவிடும்.

எனக்குச் சொந்த ஊர் கொள்ளேகால். பட்டுப்புழு வளர்ப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஹனூர், மார்டள்ளிப் பக்கம் நான் ஏறி இறங்காத புழு வளர்ப்பு மனை கிடையாது. குஞ்சுப் புழுவுக்கு ஈரம் வேண்டும், ஜன்னலில் சாக்கை நனைத்துத் தொங்கவிடுங்கள் என்பேன். புழு தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றால் தோலுரிக்கப் போகிறது என்று அர்த்தம். உடனே இலை போடுவதை நிறுத்துங்கள், ஜன்னலைத் திறங்கள், சுண்ணாம்புத் தூளைத் தூவிப் படுக்கையை உலர வையுங்கள் என்பேன். என் பேச்சைக் கேட்டவர்களுக்கு நல்ல கூடு கிடைத்தது. ஆகவே ஈரப்பதம் என்ற விஷயத்தில் எனக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற எண்ணம் எனக்குள் வேரோடிப் போயிருந்தது.

என் மகன் கல்யாணம் செய்துகொண்டது ஒரு கன்னடப் பெண்ணை. அவள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு பாம்பு வளர்த்துக்கொண்டிருந்தாள். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சிறிய வகை மலைப்பாம்பு, விஷம் கிடையாது, அரசாங்கத்தில் முறைப்படி பதிவு செய்த காகிதமும் வைத்திருந்தாள். அதற்குப் புட்டா என்று பெயர். கன்னட வீடுகளில் சின்னப் பிள்ளைகளைக் கொஞ்சிக் கூப்பிடும் பெயர் அது. பயந்தால் கடிக்காது, பந்து போலச் சுருண்டு, தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும்.

"பாம்பு வந்தா நான் கொள்ளேகாலுக்கே போயிடுவேனுங்க, சொல்லிப்போட்டேன்" என்றாள் என் மனைவி. மகனும் தயங்கினான். நான்தான் அன்று படித்தவன் என்ற மிடுக்கில் நடுவில் புகுந்து, "வரட்டும். புது இடம்னா மருமகளும் பழகிக்குவா, பாம்பும் பழகிக்கும்" என்றேன்.

"மாமா, என்னையும் பாம்பையும் ஒண்ணாச் சேத்துட்டீங்க அல்வா?" என்று, 'அல்லவா' என்பதைக் கன்னட வழக்கில் 'அல்வா' ஆக்கி அவள் கேட்க, மனைவியே சிரித்துவிட்டாள். இப்படித்தான் புட்டா எங்கள் வீட்டுக்கு வந்தது.

அந்த ஜனவரியில் மருமகளின் அம்மாவுக்கு ஷிவமொக்காவில் ஆபரேஷன். மகனும் மருமகளும் கிளம்பினார்கள். புறப்படும் முன் அவள் என்னை மாடிக்கு அழைத்துப் போனாள். கண்ணாடித் தொட்டி, அடியில் தேங்காய் நார்த்தூள், ஒரு மூலையில் தண்ணீர்க் கிண்ணம், இன்னொரு மூலையில் ஈரப் பாசி நிரப்பிய, பாம்பு நுழைய ஓட்டை வைத்த டப்பா. கண்ணாடியில் ஒட்டிய சின்ன ஈரமானி.

"இரை குடுக்க பேடா, வேண்டாம் மாமா, நான் வந்து குடுக்கறேன். கண்ணு பால் மாதிரி வெள்ளையானா தோல் உரிக்கப் போகுதுன்னு அர்த்தம். அப்போ ரெண்டு வேளையும் தண்ணி ஸ்ப்ரே பண்ணுங்க. பாசி காயவே கூடாது. நினைப்பு இருக்கும் அல்வா?"

"ஈரப்பதத்தை எனக்கே சொல்லித்தர்றியாம்மா?" என்றேன். அவள் சிரித்துவிட்டுப் போனாள்.

அவர்கள் போன சில நாட்களிலேயே புட்டாவின் கண்கள் நீலமும் வெள்ளையுமாக மங்கின. உடம்பின் நிறமும் வெளிறியது. தலையை லேசாகத் தூக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தது. பார்த்ததும் எனக்குப் பட்டுப்புழுதான் நினைவுக்கு வந்தது. தோலுரிக்கும் நேரத்தில் ஈரமா? பூஞ்சை பிடிக்கும், நோய் வரும். இந்தப் பெண்ணுக்கு யாரோ தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன்.

நார்த்தூளை எடுத்துவிட்டுச் செய்தித்தாள் விரித்தேன். பாசியை எடுத்துப் பால்கனி வெயிலில் பரப்பினேன். மூடியின் பாதியைத் திறந்து கம்பிவலை போட்டேன். ஈரத்தை உறிஞ்சட்டும் என்று சுண்ணாம்புக் கல்லைத் துணியில் முடிந்து மூலையில் தொங்கவிட்டேன். ஈரமானி இறங்க இறங்க எனக்குத் திருப்தியாக இருந்தது. உண்மையைச் சொன்னால், ஓய்வு பெற்ற பிறகு அவ்வளவு உற்சாகமாக ஒரு வேலையை நான் செய்ததில்லை.

மருமகள் ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் செய்தாள். கண் வெளுத்திருக்கிறது என்று சொன்னேன்.

"ஸ்ப்ரே பண்றீங்களா மாமா?"

"ஆமாம்மா."

"பாசி ஈரமா இருக்கா?"

"எல்லாம் நான் பாத்துக்கறேன். நீ அம்மாவைக் கவனி."

இல்லை என்று சொன்னால் விளக்க வேண்டும், அவள் வாதாடுவாள். திரும்பி வரும்போது பளபளப்பான பாம்பைக் காட்டி, அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

தோல் முழு உறையாகக் கழலவில்லை. கருகிய காகிதம் போலத் துண்டு துண்டாகப் பிய்ந்து, பாதி உடம்பிலேயே ஒட்டிக்கொண்டது. வலது கண்ணின் மேல் பழைய தோல் ஒரு மங்கிய சில்லைப் போல நின்றுவிட்டது. அப்போதாவது அவளுக்கு ஃபோன் செய்திருக்கலாம். நான் மனைவியின் தையல் பெட்டியிலிருந்து முள்வாங்கியை எடுத்து வந்தேன். இடக்கையால் தலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணோரத்துத் தோலைப் பற்றி இழுத்தேன். புட்டாவின் உடம்பு முழுவதும் ஒரு துடிப்பு ஓடியது. கண்ணோரத்தில் நீர் போல ஏதோ கசிந்தது. கையை விட்டதும் அது சுருண்டு, தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. வெகுநேரம் வெளியே எடுக்கவே இல்லை.

அவர்கள் திரும்பி வந்த அன்று மருமகள் செருப்பைக் கூடச் சரியாகக் கழற்றாமல் மாடிக்கு ஓடினாள். "அய்யோ புட்டா, ஏனாயித்தோ!" என்று, என்ன ஆயிற்றோ எனக் கன்னடத்தில் பதறிய அவள் குரல் கீழே வரை கேட்டது. நான் மேலே போனபோது அவள் பால்கனியில் நின்றிருந்தாள். கையில் எடுத்த பாசி தூளாக உதிர்ந்தது. என்னைப் பார்த்தாள். "எப்படி ஆச்சுன்னே தெரியலம்மா" என்றேன். அவள் கையிலிருந்த தூளைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் கால்நடை மருத்துவரிடம் நாங்கள் மூவரும் போனோம். அவர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "காத்துல ஈரம் பத்தலை, அதனால தோல் ஒட்டியிருக்கு. அது கூடப் பரவாயில்லை, அடுத்த உரிப்புல வந்திருக்கும். இதை யார் இழுத்தது?" என்று கன்னடத்தில் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், "நானே சார்" என்றாள் மருமகள். "ஊர்லேர்ந்து வந்ததும் பதற்றத்துல இழுத்துட்டேன்."

வாயைத் திறப்பதற்குள் என்று எழுதிவிட்டேன். அது சரியல்ல. நான் திறக்கப் போகவில்லை.

மருந்து எழுதிக் கொடுத்தார். கண் தேறுமா என்பது அடுத்த முறை தோல் உரிந்த பிறகுதான் தெரியும் என்றார். திரும்பும் வழியெல்லாம் காரில் மகன் அவளைத் திட்டிக்கொண்டு வந்தான். "உனக்கே பாத்துக்கத் தெரியலன்னா எதுக்கு அது? பெங்களூர்ல என் ஃப்ரெண்ட் ஒருத்தன் கேட்டுட்டே இருக்கான். அவன்கிட்ட குடுத்துடலாம்." அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். நான் பின்சீட்டில் புட்டாவின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் அதே பேச்சு. மனைவிக்கும் பாம்பு போவதில் சம்மதம்தான். ஞாயிற்றுக்கிழமை நண்பன் வருவதாக முடிவானது. மருமகள் தினமும் மாடிக்குப் போய்ப் பாசியை நனைத்து வைத்துவிட்டு வந்தாள். படியில் எதிரே வந்தால் எனக்கு ஒதுங்கி வழிவிட்டாள். அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாம்பு அவளிடமே இருந்திருக்கும். அவள் சொல்லமாட்டாள் என்று தெரிந்துதான் நானும் சும்மா இருந்தேன்.

சனிக்கிழமை சாப்பாட்டின்போது மகன் நண்பனுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான். ஃபோனை வைத்ததும், "முள்வாங்கியால இழுத்தது நான்தான்" என்றேன். பாசியை எடுத்தது, சுண்ணாம்பு கட்டியது எல்லாவற்றையும் சொன்னேன். சோறு தட்டில் ஆறிக்கொண்டிருந்தது.

"நீங்களா?" என்று மகன் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஏனுங்க, ஒரு வாரமா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? அந்தப் புள்ள அத்தனை பேச்சும் வாங்கிட்டு நின்னுதே!" என்றாள் மனைவி.

மருமகள் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு மேலே போய்விட்டாள். மகன் நண்பனைக் கூப்பிட்டு வரவேண்டாம் என்றான்.

அவள் என்னோடு பேசச் சில நாட்கள் ஆயின. நானாகத்தான் மாடிக்குப் போய், "எதுக்கும்மா உன் தலையில போட்டுக்கிட்ட?" என்று கேட்டேன்.

"இந்த வீட்டுக்குப் புட்டா வரணும்னு நீங்க ஒருத்தர்தானே மாமா பேசினீங்க. டாக்டர் முன்னாடி உங்களை எப்படிக் காட்டிக் குடுக்கறது?" என்றவள் சற்று நிறுத்தினாள். "கண்ணு விஷயம் தெரியாமப் பண்ணீங்க. அதுக்குக் கோபம் இல்ல. ஸ்ப்ரே பண்றீங்களான்னு கேட்டேன் அல்வா? ஆமாம்மான்னு சொன்னீங்க. ஆஸ்பத்திரில அந்த ஒரு வார்த்தையை நம்பி நிம்மதியாத் தூங்கினேன், மாமா."

நான் ஸ்ப்ரே பாட்டிலை எடுத்துத் தண்ணீர் நிரப்பி அவள் பக்கத்தில் வைத்தேன்.

அடுத்த முறை கண் வெளுத்தபோது தண்ணீர் தெளிக்கும் வேலையை எனக்கே கொடுத்தாள். அது மன்னிப்பா, பரீட்சையா என்று நான் கேட்கவில்லை. ஒரு காலையில் பார்த்தால், பாசி டப்பாவின் வாயிலில் மூக்கு முதல் வால் வரை ஒரே உறையாக, காலுறையைத் திருப்பிக் கழற்றியது போலத் தோல் கிடந்தது. இரண்டு கண் சில்லுகளும் அதில் இருந்தன. அவளைக் கூப்பிட்டேன். இருவருமாகத் தொட்டியின் முன் குனிந்து பார்த்தோம். இடது கண் கருமணி போல மின்னியது. வலது கண் வெள்ளையாகவே இருந்தது. அவள் என் தோளைத் தொட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

புட்டா இப்போதும் எங்களோடுதான் இருக்கிறது. வலப்பக்கமாகக் கை நீட்டினால் திடுக்கிட்டுச் சுருண்டுவிடும் என்பதால் எப்போதும் இடப்பக்கமாகவே போகிறேன். யாராவது என்னிடம் ஃபோனில், கேட்டைப் பூட்டினீர்களா, மாத்திரை சாப்பிட்டீர்களா என்று எதைக் கேட்டாலும், "இரு, பாத்துட்டு வரேன்" என்று எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் ஆமாம் என்கிறேன். அந்தச் சிறிய வார்த்தையை நம்பி ஒருத்தி எங்கோ நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள் என்பதை என்னால் மறக்க முடியவில்லை.