மேல்தட்டுப் புத்தகங்கள்

ஈசூன் நூலகத்தில் புது பிளாஸ்டிக் உறையின் வாசனை வந்ததும், சிராங்கூன் சாலைச் சந்தில் இருந்த, இப்போது கைப்பேசி விற்கும் அந்தப் புத்தகக்கடை நினைவுக்கு வந்தது. கீழ்த்தட்டில் அரிச்சுவடிகள், நடுவில் பயிற்சிநூல்கள், மேலே எழுத்தாளர்களின் வாழ்க்கை வரலாறுகள். யாரும் வாங்காத மேல்தட்டுப் புத்தகங்களுக்குக் கடைக்காரம்மா ஆண்டுதோறும் பிளாஸ்டிக் உறை மாற்றுவார்.

பன்னிரண்டு வயதில் என் தங்கைக்கு அந்தத் தட்டு எட்டியது. ஒன்றை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“அது பரீட்சைக்கு வராதுலா, வச்சிடு,” என்றார் அம்மா.

“இவங்களுக்குச் சட்டை மாத்தியே எனக்கு வயசாயிடும் போல!” என்று சிரித்தபடி கடைக்காரம்மா அதை வாங்கிக்கொண்டார்.

பரீட்சைகள் முடிந்தபின் தங்கை தமிழில் எதையும் படிக்கவில்லை. நான் தமிழில் எழுதுவதை இப்போது அவளுக்கு ஆங்கிலத்தில் சொல்கிறேன். பாதியில் கைப்பேசியைப் பார்க்கிறாள்.